பெயர்கள் திறந்த பூட்டு

மெசபடோமிய நாகரிகப் பாடத்தில் கியூனிபார்ம் எழுத்து ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத எழுத்தை எப்படிப் படித்தார்கள்? இந்தக் கேள்வியை நான் ஹென்றி ராலின்சனின் வாழ்க்கை வழியாக வகுப்பில் நடத்துகிறேன்.

1810இல் இங்கிலாந்தில் பிறந்த ராலின்சன், 1827இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். பாரசீக மொழி கற்றார். பாரசீகப் படைக்குப் பயிற்சியளிக்க அங்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தொல்லெழுத்து ஆய்வு அவருடைய பணியன்று; சொந்த ஆர்வம்.

1835இல் ஹமதான் நகருக்கு அருகில் பாறையில் இருந்த இரண்டு கல்வெட்டுகளைப் படியெடுத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. சில இடங்களில் மட்டும் வேறுபாடு. அவை பெயர்களாக இருக்கலாம் என ஊகித்தார். முதல் கல்வெட்டில் மன்னர் பெயர் வரும் இடத்தில் இருந்த குறிகள், இரண்டாவதில் தந்தை பெயர் வரும் இடத்தில் இருந்தன. ஆக, மூன்று தலைமுறை. கிரேக்க வரலாற்று நூல்கள் கூறும் ஹிஸ்டாஸ்பஸ், டேரியஸ், செர்க்சஸ் என்னும் வரிசை அங்கே பொருந்தியது. பெயர்களிலிருந்து ஒலிகள் கிடைத்தன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வது என்று நாம் படித்த கற்பித்தல் விதி இதுதான்.

வகுப்பறைச் செயல்பாடு: ஒரு குழு, 'சுந்தர சோழன் மகன் இராசராசன்', 'இராசராசன் மகன் இராசேந்திரன்' என்னும் வரிகளை, எழுத்துக்கு ஒரு குறியாகத் தானே உருவாக்கிய குறிகளில் எழுதட்டும். இவை ஒரு தந்தை, மகன், பேரன் பற்றியவை என்று மட்டும் மற்றொரு குழுவிடம் கூறுங்கள். இரண்டு வரிகளிலும் வரும் பெயரை அவர்கள் முதலில் கண்டுபிடிப்பார்கள். பிறகு, 'இராசராசன்', 'இராசேந்திரன்' இரண்டிலும் 'இ', 'ரா', 'ன்' ஆகியவற்றுக்கு ஒரே குறி வருகிறதா எனச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஊகம் சான்றாக மாறும் இடம் அது.

அடுத்து, பெருமை யாருக்கு என்பதை விவாதிக்கலாம். பாரசீகக் கல்வெட்டுகளில் இதே வழியில் 1802இலேயே சில பெயர்களைப் படித்தவர் குரோட்டஃபெண்ட் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். மூன்று மொழிகளில் அமைந்த பெஹிஸ்துன் மலைக் கல்வெட்டில், 1847இல், எளிதில் எட்ட முடியாத பாபிலோனியப் பகுதிக்குப் பாறையைப் பற்றி ஏறி, ஈரக் காகிதத்தை அழுத்திப் படியெடுத்தவன் ஒரு குர்து சிறுவன். அவனைப் பற்றி ராலின்சனே எழுதியிருக்கிறார். ஆனால் பெயரைக் குறிப்பிடவில்லை. 1857இல் ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பர்ட், டால்பட் ஆகிய நால்வரும் ஒரே கல்வெட்டைத் தனித்தனியே மொழிபெயர்த்தனர். அவை பெரும்பாலும் ஒத்திருந்த பிறகே அசிரிய எழுத்து படிக்கப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கை உறுதிப்பட்டது.

எனவே, 'கியூனிபார்மைப் படித்தறிந்தவர் யார்?' என்று நான் ஒரு மதிப்பெண் வினா கேட்பதில்லை. 'எவரெவர், என்னென்ன செய்தனர்?' என்றே கேட்கிறேன். அந்தச் சிறுவனையும் விடையில் சேர்க்கும் மாணவருக்கு முழு மதிப்பெண்.