பொன் ஒன்று, அணி பல: பழம்பெருமையும் புதிய கட்டடக் கலையும்



சிற்றூர் ஒன்றின் ஜினாலயத் திருப்பணிக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது. கோயிலின் முன்மண்டபம் பழமையானது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மேற்கூரையில் மழைநீர் கசிகிறது. ஓரிடத்தில் பழைய வண்ண ஓவியத்தின் எச்சம் மங்கலாகத் தெரிகிறது. நகரங்களில் பணிபுரியும் இளைஞர்கள் பொருளுதவி செய்ய முன்வந்துள்ளனர். ஆனால் அவர்கள் வேண்டுவது, மண்டபத்தை நீக்கிவிட்டு இருநூறு பேர் அமரத்தக்க கான்கிரீட் கூடம். பெரியவர்களோ ஒரு கல்லையும் அசைக்கலாகாது என்றனர். இரு சாராரும் பக்தி உடையவர்களே. எனினும் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கவில்லை. முடிவு எட்டாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

'பழையதை அப்படியே வைப்பதா? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?' இவ்விரண்டைத் தவிர வேறு வழியே இல்லையா என்னும் சிந்தனை நம்மை விட்டு நீங்கவில்லை. இந்தப் பாடத்தில் அதனையே ஆராய்வோம்.

திரவியமும் பரியாயமும்

எப்பொருளும் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் உடையது என்பது ஜினாகமம் நமக்குக் கற்பிக்கும் அடிப்படை உண்மை. பொற்குடத்தை உருக்கி முடி செய்தால் குடம் என்னும் பரியாயம் அழிகிறது. முடி என்னும் பரியாயம் தோன்றுகிறது. பொன் என்னும் திரவியம் நிலைத்திருக்கிறது. குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை நோக்கியவனோ நடுநிலையில் நிற்கிறான். நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் உவமை இது.

கட்டடத்திற்கும் இவ்வுவமை பொருந்தும். ஒரு வீட்டின் தூண், ஓடு, வண்ணம் ஆகியவை அதன் பரியாயங்கள். அவ்வூர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அமைப்பு, அங்கு வாழ்வோரின் ஒழுக்கம், தலைமுறைகளின் நினைவு ஆகியவற்றை அதன் உட்பொருள் எனலாம். பரியாயத்தை மட்டும் பற்றுவோர் பழைய வடிவைச் சிமெண்டில் போலியாகச் செய்து மரபு என்கின்றனர். மாற்றத்தை மட்டும் பற்றுவோர் இடித்துத் தள்ளி வளர்ச்சி என்கின்றனர். இரண்டும் ஏகாந்தப் பார்வையே ஆகும். இடைப்பட்ட வழி உண்டு என்பதற்குக் குஜராத் மாநிலத்து அகமதாபாத் நகரம் நல்ல சான்று.

ஒரு சிராவகரின் இரு முடிவுகள்

அகமதாபாத் 1411இல் சுல்தான் அகமது ஷாவால் நிறுவப்பட்ட நகரம். 'போல்' எனப்படும் நெருங்கிய தெருக்களும், முற்றமும் மரச்சிற்பமும் உடைய வீடுகளும், சமண ஆலயங்களும் அதன் பழம்பகுதியில் நிறைந்துள்ளன. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரிய நகரமாக ஏற்றது. இந்திய நகரங்களுள் இச்சிறப்பை முதலில் பெற்றது அதுவே.

அந்நகரின் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் (1894–1980) சிறந்த சிராவகர். ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறக்கட்டளைக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர். ராணக்பூர், அபு மலையின் தில்வாரா ஆகிய தலங்களின் ஆலயங்கள் அவர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டன. தில்வாராவின் விமல வசதி 1031ஆம் ஆண்டினது. லூண வசதி 1230ஆம் ஆண்டினது. அங்குச் சிதைந்த இடங்களில் சிமெண்டு கொண்டு பூசி மறைக்கும் எளிய வழியை அவர் மேற்கொள்ளவில்லை. பழைய கல்லோடு ஒத்த சலவைக்கல்லைத் தேடிப் பெற்று, பரம்பரைச் சிற்பிகளான சோம்புராக்களைக் கொண்டு பழைய வேலைப்பாட்டின்படியே செதுக்குவித்தார்.

அதே மனிதர், முனிராஜ் புண்யவிஜயரின் (1895–1971) தூண்டுதலால், தம் தந்தையார் பெயரில் லால்பாய் தல்பத்பாய் பாரதிய வித்யா மந்திர் என்னும் ஆராய்ச்சி நிலையத்தை 1950களின் பிற்பகுதியில் நிறுவினார். சமணச் சுவடிகளைக் காப்பதே அதன் தலையாய பணி. முனிராஜ் தாம் சேர்த்துவைத்த சுவடிகளை அதற்கு வழங்கினார். இந்நிலையத்தின் கட்டடத்தைப் பழங்கோயில் போல் அமைக்குமாறு கஸ்தூர்பாய் கேட்கவில்லை. பாரிஸ் நகரில் லெ கொர்பூசியே என்னும் பெரும் கட்டடக் கலைஞரிடம் 1951 முதல் 1954 வரை பணிபுரிந்து திரும்பிய பாலகிருஷ்ண தோஷி என்னும் இளைஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது.

இருப்பதைச் சீர்செய்யும்போது முழுப் பணிவு. புதிய தேவைக்குக் கட்டும்போது புதிய அறிவு. ஒரே உள்ளத்தில் இவ்விரண்டும் முரணின்றி இருந்தமையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

சுவடிகளுக்கு ஓர் இல்லம்

தோஷி 1927இல் புனேயில் பிறந்தவர். 2018இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர். 2023 ஜனவரியில் மறைந்தார். இப்பணியை ஏற்றதும் அவர் வரைபலகையின் முன் உடனே அமர்ந்துவிடவில்லை. துறவியர் தங்கும் உபாசிரயங்களையும் பழைய நகரின் வீடுகளையும் சென்று ஆராய்ந்தார். துறவியர் எங்கு அமர்ந்து ஓதுகின்றனர், வெளிச்சம் எவ்வழியே வருகிறது, சுவடிகள் எங்கு வைக்கப்படுகின்றன என்பன போன்றவற்றை அத்தகைய இடங்களே கற்பிக்கவல்லன.

1962இல் கட்டடம் நிறைவெய்தியது. பூசாத கான்கிரீட்டால் ஆன அதில் சிகரமும் இல்லை, தோரணமும் இல்லை. ஆயினும் உயர்ந்த அடித்தளம், கட்டடத்தின் நீளம் முழுவதும் செல்லும் தாழ்வாரம், அதன் ஆழ்ந்த நிழல் ஆகியவை அவ்வூர் மக்கள் தம் வீடுகளில் நன்கறிந்தவை. சுவடிகளுக்கு உரிய இடம் பாதி நிலத்தினுள் தாழ்ந்து அமைந்துள்ளது. கோடையில் 40 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும் ஊர் அது. நிலத்தினுள் வெப்பம் விரைந்து ஏறுவதுமில்லை, விரைந்து இறங்குவதுமில்லை. ஓலைக்கும் தாளுக்கும் பகையானவை கடும் வெயிலும், ஈரமும், அடிக்கடி மாறும் வெப்பமுமே.

இந்நெறி புதியதன்று. ஜெய்சல்மேர் கோட்டையில் ஜினபத்திரசூரி ஞான பண்டாரம் சம்பவநாதர் ஆலயத்தின் நிலவறையிலேயே அமைந்துள்ளது. பாலைவன வெயிலிலிருந்தும் படையெடுப்பிலிருந்தும் ஏடுகளைக் காத்தது அவ்வறை. அச்சுவடிகளைப் பட்டியலிட்டவர்களுள் முனிராஜ் புண்யவிஜயரும் ஒருவர்.

ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்னும் நான்கனுள் சாஸ்திர தானத்தை நாம் பெரும்பாலும் நூல் வழங்குதல் என்றே கொள்கிறோம். வழங்கிய நூல் அழியாதிருக்க இடம் அமைத்தலும் அத்தானத்தின் பகுதியே என்பதை இக்கட்டடம் உணர்த்துகிறது.

கிரிநாரின் பீங்கான் சில்லுகள்

நேமிநாத பகவான் முக்தியடைந்த ஊர்ஜயந்தகிரியே இன்றைய கிரிநார். அங்குள்ள சமண ஆலயங்களின் விமானங்கள் மீது உடைந்த ஓட்டுச் சில்லுகள் பதிக்கப்பட்டிருக்கும். வெண்சில்லுகள் வெயிலைத் திருப்பி அனுப்பும். சூடு உள்ளே இறங்காது. வளைந்த கூரையின் மீது பெரிய ஓட்டைப் பொருத்த இயலாது. சிறு சில்லுகளோ எவ்வளைவுக்கும் இசைந்து படியும். மழைநீர் அவற்றின் மீது வழிந்து ஓடிவிடும். உடைந்துபோனது என்று எறியத்தக்க பொருள், கோயிலின் முடியில் ஏறுகிறது!

தோஷி தம் பணியகமான 'சங்காத்'தை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியபோது, பாதி நிலத்தினுள் அமைந்த அறைகளின் மீது உருளைக் கூரைகளை எழுப்பி, வெண்பீங்கான் சில்லுகளைப் பதித்தார். ஓவியர் எம். எஃப். ஹுசைனுக்காக அவர் அமைத்து 1995இல் நிறைவெய்திய 'குஃபா' என்னும் நிலத்தடிக் கலைக்கூடத்திலும் கிரிநார் ஆலயங்களை நினைவூட்டும் அதே சில்லுவேலையைக் காணலாம். குஃபாவின் கூரை, கம்பிவலையின் மேல் சிமெண்டுச் சாந்து பூசிய மெல்லிய ஓடு போன்றது. அதன் வளைவுகள் கணிப்பொறியால் கணக்கிடப்பட்டன. கட்டியவர்களோ எளிய கைக்கருவிகளைக் கொண்ட தொழிலாளர். புதிய கணக்கும் பழைய கைவேலையும் அங்குக் கைகோத்தன.

கிரிநாரைப் பார்த்து இவர் சிகரத்தின் உருவை எடுத்துக்கொள்ளவில்லை. சில்லு ஏன் பதிக்கப்பட்டது என்னும் காரணத்தை எடுத்துக்கொண்டார். உருவைப் பார்த்துச் செய்தால் அது நகல். காரணத்தை அறிந்து செய்தால் அது மரபின் தொடர்ச்சி.

ஜெய்ப்பூரின் ஒன்பது சதுரங்கள்

மற்றுமோர் எடுத்துக்காட்டையும் சுருக்கமாகக் காண்போம். 1727இல் சவாய் ஜெய்சிங் மன்னர், வித்யாதர் பட்டாசாரியரின் துணையுடன், ஒன்பது சதுரங்கள் கொண்ட திட்டத்தில் ஜெய்ப்பூர் நகரை அமைத்தார். ஒரு மூலையில் குன்று குறுக்கிட்டமையால் அச்சதுரம் இடம்பெயர்த்து வைக்கப்பட்டது. அந்நகரில் 1990களின் தொடக்கத்தில் நிறைவெய்திய ஜவஹர் கலா கேந்திரத்தை வடிவமைத்த சார்லஸ் கொரியா, அதனையும் ஒன்பது சதுரங்களாக வகுத்தார். ஒவ்வொன்றும் 30 மீட்டர் பக்க அளவுடையது. ஒவ்வொன்றும் ஒரு கோளுக்கு உரியது. அவரும் ஒரு சதுரத்தைத் திருப்பி விலக்கி வைத்து, அவ்விடத்தையே வாயிலாக்கினார். நடுச் சதுரம் படிகளுடன் வானம் நோக்கித் திறந்திருக்கிறது. நகரம் பிறந்த கதையை அக்கட்டடம் எழுத்தின்றிச் சொல்கிறது.

நாம் பெறும் பாடம்

இவ்வெடுத்துக்காட்டுகளிலிருந்து மூன்று நெறிகளைத் தெளியலாம்.

முதலாவது, இடத்தை அறிதல். வெயில், காற்று, மழை, மண் ஆகியவற்றை முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று கற்ற பின்னரே வரைபடம் எழுத வேண்டும்.

இரண்டாவது, காரணத்தை அறிதல். திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் அழகுக்காக மட்டும் தோன்றியவை அல்ல. காரணம் இன்றும் உளதாயின் அவற்றைப் புதிய பொருளாலும் அமைக்கலாம். காரணம் நீங்கியிருப்பின் வெறும் உருவைச் சுமப்பதால் பயனில்லை.

மூன்றாவது, சீர்செய்யும் பணியையும் புதிதாகக் கட்டும் பணியையும் வேறு பிரித்தல். கஸ்தூர்பாய் லால்பாய் நமக்குக் காட்டும் வழி இதுவே. தில்வாராவில் அவர் புதுமை செய்யவில்லை; சுவடி நிலையத்தில் பழமையை நடிக்கவில்லை.

நம் ஊர்களை நோக்கி

தமிழகத்துச் சமணர்களாகிய நமக்கு இப்பாடம் அயலானதன்று. கிரிநாரின் நேமிநாதரே திருவண்ணாமலை மாவட்டத்துத் திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையில் எழுந்தருளியுள்ளார். திருப்பருத்திக்குன்றத்தில் 1387இல் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானம் தீர்த்தங்கரர் வரலாறுகளை வண்ணத்தில் தாங்கி நிற்கிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன்னர், பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறியச் சென்றது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கே. அவ்வில்லங்களில் அறிவு வாழ்ந்தது, ஏடும் வாழ்ந்தது. அவ்வாறு ஏடுகளைத் தாங்கிய வீடுகளுள் இன்று எத்தனை எஞ்சியுள்ளன?

பழைய சுண்ணாம்புச் சுவரின் மீது சிமெண்டு பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரிக்கிறது. மணலை வீசிக் கல்லைத் தூய்மை செய்தால் அழுக்கோடு கல்வெட்டின் எழுத்தும் தேய்கிறது. ஓவியத்தின் மீது ஒருமுறை வெள்ளையடித்தால் இழந்ததை எப்பொருள் கொடுத்தும் மீட்க இயலாது போகலாம். இவை யாவும் நல்லெண்ணத்துடன், காணிக்கைப் பணத்தில் நடப்பவை என்பதே நம் வருத்தம்.

முதலில் கூறிய சிற்றூருக்குத் திரும்புவோம். அம்மண்டபத்தின் கசிவை, பழைய கட்டடங்களைச் சீர்செய்து பழகியவர்களைக் கொண்டு சுண்ணாம்புச் சாந்தினாலேயே அடைக்கலாம். இருநூறு பேர் அமரும் கூடம் உண்மையான தேவையே. இளைஞர்கள் கேட்பதில் தவறில்லை. கோயிலுக்குப் பக்கத்து நிலத்தில், கோபுரத்தை மறைக்காத உயரத்தில், அகன்ற தாழ்வாரமும் நடுமுற்றமும் உடைய எளிய கூடமாக அதனைக் கட்டலாம். அங்கு ஓர் அறையை ஊர்ச் சுவடிகளுக்கும் நூல்களுக்கும் ஒதுக்கலாம். பெரியவர்கள் கேட்ட பழமையும் கிடைக்கும். இளைஞர்கள் கேட்ட இடமும் கிடைக்கும். இக்கருத்தை அவ்வூர்ப் பெரியோருக்கும் இளைஞருக்கும் எழுதியனுப்பியுள்ளோம். கூட்டம் மீண்டும் கூடவிருக்கிறது.

குடத்தையும் முடியையும் பற்றி வாதிடும்போது பொன்னை இழந்துவிடாதிருப்போமாக.

சுவாத்தியாயத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊர் ஜினாலயத்தில் மாற்றக்கூடாதவை எவை? மாற்றத் தக்கவை எவை? காரணத்துடன் பட்டியலிடுக.

2. உங்கள் முன்னோர் வீட்டின் எந்தப் பகுதி வெயிலையும் மழையையும் கருதி அமைந்தது? இன்றைய வீட்டில் அதன் பணியை எது செய்கிறது?

3. உங்கள் இல்லத்திலோ ஊரிலோ ஓலைச்சுவடிகள், பழைய அச்சு நூல்கள் உள்ளனவா? அவை எவ்விடத்தில், எந்நிலையில் உள்ளன என்று நேரில் கண்டு எழுதுக.

வாழ்க ஜினதர்மம்!