கதம்பமா, கலவையா?

பூக்காரம்மாகிட்ட "ஒரு முழம் கதம்பம் குடுங்க"ன்னு கேட்டிருப்பீங்க. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் ஒரே சரம்; ஆனாலும் ஒவ்வொன்றின் நிறமும் மணமும் தனியாகத் தெரியும். அதுதான் கதம்பம். கான்கிரீட் அப்படியில்லை. அது கலவை, இறுகியபின் சிமெண்டை மட்டும் பிரிக்க முடியாது.

இந்த வேறுபாடு நமக்கு எதுக்கு? போடி பக்கம் பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு வலுத்தது, ஆய்வகம் வரவில்லை.

நியூட்ரினோவில் எலக்ட்ரான், மியூவான், டாவ் என மூன்று வகை. பயணத்தில் அது மூன்றின் 'கலவை' என்று எழுதினால், மூன்றும் கரைந்து நாலாவதாக ஒன்று ஆனதுபோலத் தோன்றும். உண்மையில் கருவியில் ஏதாவது ஒரு வகைதான் முழுசாகச் சிக்கும். எது சிக்கும் என்ற வாய்ப்பு, ஆற்றலையும் கடந்த தூரத்தையும் பொறுத்து மாறும். அதனால் 'கதம்பம்' கொஞ்சம் நெருங்கி வருது. ஆனால் சரத்தில் பூக்கள் பல. நியூட்ரினோ ஒரே துகள். உவமை அங்கே நின்னுடும், அதையும் சொல்லிடுங்க.

திட்டம் வேணும்னாலும் வேண்டாம்னாலும், ஊர்ப் பெரியவர்கிட்ட 'சூப்பர்பொசிஷன்'னு ஆரம்பிச்சா பேச்சு அதோட முடிஞ்சுது. கதம்பத்துல ஆரம்பிங்க, அவர் திருப்பிக் கேள்வி கேட்பார்.