பிராயம் வராத பிள்ளையும் நாட்டுச் சட்டமும்

இரவு கடையைப் பூட்டுகின்ற வேளையில் டெலிபோன் மணி அடிக்கின்றது. போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறார்கள். மகனைப் பிடித்து வைத்திருப்பதாகவும் தகப்பனார் உடனே வரவேண்டுமென்றும் சொல்லுகிறார்கள். இத்தகைய வேளையில் நம்மவர்களில் பலர் தாங்கள் போவதில்லை. வெட்கம் தடுக்கின்றது. கடையிலுள்ள மூத்த சிப்பந்தியையோ மருமகனையோ அனுப்பிவிட்டு, தெரிந்த பெரிய மனிதரிடம் சிபாரிசு தேடி ஓடுகிறார்கள். இந்த வழக்கம் பிள்ளைக்கு எவ்வளவு கெடுதலை உண்டாக்குமென்பது, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று தெரிந்துகொண்டால்தான் விளங்கும். நாம் இங்கே எழுதுவது மலேசியச் சட்டத்தை மட்டுமே. சிங்கப்பூரிலுள்ள சகோதரர்களுக்கு அங்குள்ள 1993ஆம் ஆண்டுச் சட்டம் வேறு.

மலேசியாவில் இவ்விஷயத்தை நடத்துவது 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமாகும். 1947ஆம் ஆண்டிலிருந்து இருந்துவந்த சிறார் கோர்ட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2002 ஆகஸ்டு முதல் இது அமுலுக்கு வந்தது. 2016இல் சில திருத்தங்களும் செய்யப்பட்டன. பதினெட்டு வயது நிரம்பாத எவரும் இச்சட்டத்தின் கண்ணில் சிறுவரே. மீசை அரும்பியிருக்கலாம், தகப்பனைவிட உயரமாக வளர்ந்திருக்கலாம். கணக்கு பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுதான்.

கீழெல்லை எதுவென்பதைத் தண்டனைச் சட்டத்தின் 82, 83ஆம் பிரிவுகள் வகுக்கின்றன. 10 வயது நிரம்பாத குழந்தை செய்த எதுவும் குற்றமாகாது. 10க்கு மேல் 12க்குள் இருந்தால், தான் செய்த காரியத்தின் தன்மையும் விளைவும் அறியத்தக்க புத்தி முதிர்ச்சி அப்பிள்ளைக்கு வந்திருந்ததா என்பதைப் பார்க்கவேண்டும்; வரவில்லையெனில் அதுவும் குற்றமாகாது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே எண்ணுள்ள பிரிவுகள்தாம் இருந்தன. ஆனால் அங்கே கீழெல்லை 7 வயது. 2024 ஜூலையில் அப்பழைய சட்டம் போய்ப் புதியது வந்தபின்னும் அந்த 7 மாறவில்லை. ஊரில் கேள்விப்பட்டதை இங்கே பொருத்திப் பேசுகின்றவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி, நம்மவர்கள் அடிக்கடி கேட்கின்ற ஒரு கேள்விக்கு வருவோம். "பதினைந்து வயதில் பாலிகாகிவிட்டவன் மார்க்கத்தில் பெரிய ஆள். தொழுகையும் நோன்பும் அவன்மீது கடமை. அப்படியிருக்க, பதினெட்டு வரை அவனைச் சிறுவன் என்று சொல்லிச் சட்டம் செல்லம் கொடுக்கலாமா?" என்கிறார்கள். குழந்தை பருவமடையும்வரை அதன்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கின்றது என்ற நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். பருவத்தின் அடையாளம் தோன்றாவிட்டால் 15 வயதை எல்லையாக வைப்பது ஷாஃபி மத்ஹபு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ ஆண்பிள்ளைக்கு 18, பெண்பிள்ளைக்கு 17 என்று சொன்னார்கள். அவர்களுடைய மாணாக்கர் இருவரும் 15 என்றார்கள். ஆகவே பதினெட்டு என்ற எண் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. அநாதைகளின் பொருளை அவர்களிடம் ஒப்படைப்பதைப் பற்றிப் பேசும் அன்னிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், பருவமடைவதோடு நிறுத்தவில்லை. அவர்களிடம் ருஷ்து, அதாவது பகுத்து நடக்கும் அறிவு, காணப்படவேண்டும் என்கின்றது. இதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. பதினைந்து வயது மகன் பாலிகாகிவிட்டான் என்பதற்காகக் கல்லாப்பெட்டிச் சாவியையும் செக்குப் புத்தகத்தையும் அவன் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறிய முதலாளி யாராவது உண்டா? முதல் போட்ட பணத்துக்கு நாம் பார்க்கின்ற நிதானத்தைப் பிள்ளையின் குற்றத்துக்குச் சட்டம் பார்த்தால் அதைச் செல்லமென்று சொல்லுவது நியாயமாகாது.

ஷரீஅத் கோர்ட்டின் கணக்கு வேறு என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றோம். கூட்டரசுப் பிரதேசத்தின் 1997ஆம் ஆண்டு ஷரீஅத் குற்றவியல் சட்டப்படி, பாலிகாகாத பிள்ளை செய்தது குற்றமாகாது. அங்கே எல்லை வயதன்று, பருவம். ஆகவே ஒரே பையன் ஓரிடத்தில் சிறுவனாகவும் ஓரிடத்தில் பொறுப்புள்ளவனாகவும் நிற்கக்கூடும்.

இப்போது அந்த டெலிபோனுக்குத் திரும்புவோம். பையனுக்கு வயது 15, கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிளைத் திருடினான் என்று வைத்துக்கொள்ளுவோம். பிடித்தவுடன் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீசார் தெரிவிக்கவேண்டும். பெரியவர்களான கைதிகளோடு அவனைச் சேர்த்து வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டின் முன் நிறுத்தவேண்டும். கொலை போன்ற கொடிய குற்றமாக இருந்தாலோ, தீய சேர்க்கையிலிருந்து பிள்ளையைப் பிரித்துவைப்பது அவசியமென்று கண்டாலோ, விட்டால் நீதி கெடுமென்று தோன்றினாலோ அன்றி, ஜாமீன் முறியில் விட்டுவிடலாம். அந்த முறியில் கையெழுத்திடுகின்றவர் யார்? தகப்பனாரோ காப்பாளரோ பொறுப்புள்ள வேறொருவரோதான். வாப்பாவே வரவில்லையென்றால், இப்பிள்ளையை நம்பி எந்த வீட்டுக்கு அனுப்புவதென்று மாஜிஸ்திரேட்டு யோசிப்பாரல்லவா?

சிறுவர் கோர்ட்டு மற்றக் கோர்ட்டுகளைப் போன்றதன்று. மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமருகின்றார்கள். ஒருவர் பெண்மணியாக இருக்கவேண்டும். வேடிக்கை பார்க்க வருவோருக்கு அங்கே இடமில்லை. குற்றச்சாட்டைப் பிள்ளைக்குப் புரியும் எளிய பாஷையில் விளக்கவேண்டும். பெற்றோர் விசாரணையின் எல்லாக் கட்டத்திலும் இருக்கவேண்டுமென்று கோர்ட்டு கேட்கும். தக்க காரணமின்றி வராத தகப்பனார்மீதே வழக்கு வரக்கூடும். மருமகனை அனுப்பிவைப்பது இங்கே செல்லாது.

குற்றம் நிரூபணமானபின் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்துத்தான் கோர்ட்டு உத்தரவிடும். பிள்ளையின் பொது நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிக்கூடப் பதிவு, உடல்நிலை ஆகியவை அதில் அடங்கும். இதற்காக அதிகாரி விசாரிக்கும்போது நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் நாடகம். "பையன் தங்கம், சேர்க்கைதான் கெடுத்துவிட்டது" என்று தாயார் அழுவார்; தகப்பனார் கடையில் ஆளில்லையென்று ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார். பிள்ளை ஆறு மாதமாகப் பள்ளிக்குப் போகாததும், இரவில் வீடு திரும்பாததும் மறைக்கப்பட்டுவிட்டால், அந்த அறிக்கை எதற்கு உதவும்? வைத்தியரிடம் நோயை மறைப்பவனுக்கு மருந்து எப்படிப் பொருந்தும்?

கோர்ட்டு செய்யக்கூடியவை பலவுண்டு. கண்டித்து விட்டுவிடலாம், நன்னடத்தை முறி வாங்கலாம், உறவினர் பொறுப்பில் விடலாம், அபராதமோ நஷ்டஈடோ கட்டச் சொல்லலாம். ஒன்று முதல் மூன்று வருஷம்வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம். சமூகநலத் துறையின் துனாஸ் பக்தி பள்ளிக்கு மூன்று வருஷத்துக்கு அனுப்பலாம். 14 வயதுக்கு மேற்பட்டவர்களை, சிறைத்துறையின் கீழுள்ள ஹென்றி கர்னி பள்ளிக்கு அனுப்பலாம். அங்கே 21 வயதுவரை வைத்திருக்க இடமுண்டு. மலாக்கா தெலுக் மாஸிலுள்ள பள்ளி 1951இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஹைகமிஷனரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 14 வயது நிரம்பாத பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பவே கூடாது. 14க்கு மேலும், வேறு வழியில் திருத்த முடியுமானால் ஜெயில் கூடாது. மரணதண்டனைக்குரிய குற்றங்கள் மட்டும் இந்தக் கோர்ட்டுக்கு அப்பாற்பட்டவை. அவற்றிலும் சிறுவருக்குத் தூக்கில்லை, பேரரசரின் அல்லது அந்தந்த மாநில ஆட்சித் தலைவரின் விருப்பத்துக்கு உட்பட்ட காவலே உண்டு.

அபராதமென்றால் அது பெரும்பாலும் தகப்பனாரின் பையிலிருந்துதான் வரும். தகப்பனாரின் கவனக்குறைவு இதற்குக் காரணமில்லையென்று கோர்ட்டு கண்டாலன்றி அவரிடமே கட்டச் சொல்லலாம். பணம் கட்டுவது நமக்குச் சிரமமன்று. சிரமமானது வேறு. பெற்றோரிடமே ஒரு முறி எழுதி வாங்க இச்சட்டம் இடங்கொடுக்கின்றது. பிள்ளையை அழைத்துக்கொண்டு சமூகநல அலுவலகத்திலோ போலீஸ் நிலையத்திலோ ஆஜராக வேண்டும். பெற்றோருக்கென நடத்தப்படும் வகுப்புகளில் உட்காரவேண்டும். பிள்ளை படிக்கின்றவனானால் மாதம் ஒருமுறை ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் கண்டு பேசவேண்டும். சீர்திருத்தப் பள்ளியிலிருந்தால் தவறாமல் போய்ப் பார்த்துவரவேண்டும். கல்லாவை விட்டு எழுந்திருக்காத முதலாளியைப் பள்ளிக்கூட வாசலுக்கு இழுத்துவருகின்ற இந்த ஏற்பாட்டை இயற்றியவர்கள் நம் கடைத்தெருவை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் போலும்!

கூட்டாளிகளில் ஒருவனுக்கு 20 வயதென்றால் என்னவாகும்? இருவர்மீதும் சேர்த்துக் குற்றஞ்சாட்டினால் வழக்கு சாதாரணக் கோர்ட்டுக்குப் போகும். ஆயினும் சிறுவனைப் பொறுத்தமட்டில் அக்கோர்ட்டும் நன்னடத்தை அறிக்கையைப் பார்த்து, சிறுவர் கோர்ட்டுக்குரிய உத்தரவுகளையே இடவேண்டும். ஆகவே பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோகத் தவறலாகாது. செலவுக்கு வழியில்லாதவர்கள், மலேசியப் பிரஜைகளாயின், தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் வக்கீலைக் கேட்கலாம்.

கடைசியாக, நாமே வாதியாக நிற்கின்ற சமயம். கடையில் சாமான் எடுத்த பையனைப் பிடித்துப் போலீசில் ஒப்படைப்பது நம் உரிமை. ஆனால் கடைக் காமிராவில் பதிந்த அவன் முகத்தை வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் அனுப்பி ஊரறியச் செய்கின்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குற்ற விவகாரத்தில் சம்பந்தப்பட்ட சிறுவரின் பெயர், முகவரி, பள்ளிக்கூடம் எதையும் செய்தியில் வெளியிடலாகாது, படத்தை மின்சாதனம் வழியாக அனுப்பவும் கூடாது என்று இதே சட்டம் தடுத்திருக்கின்றது. அப்படி அனுப்பியிருப்பவர்கள் இன்றே அதை அழித்துவிடுவது நல்லது.