தொப்பி அணிந்த மனிதன்

கிட்வாய் நகரில் நான் தங்கியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவர்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசம் உடையவன், பேச்சு குறைவு, படம் வரைவது மிகுதி. ஒருநாள் அவன் காட்டிய தாளில் ஒரு பேருந்து. ஓட்டுநர் இருக்கையில் மீசை வைத்த ஆள். “யார் தம்பி இது?” என்றேன். தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். “உனக்கேது மீசை?” என்று சிரித்துவிட்டேன். தாளைப் பிடுங்கிக்கொண்டு போனவன் ஒரு வாரம் என் பக்கம் வரவில்லை. என் பிழை எனக்கு விளங்குவதற்கு ஓர் ஓவியர் வேண்டியிருந்தது.

அவர் கே. இராமானுஜம். சென்னை ஓவியப் பள்ளியில் கே. சி. எஸ். பணிக்கரிடம் பயின்றவர். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தபோது அங்கே குடியேறியவர்களில் ஒருவர். பேசுவதில் அவருக்கு இடர் இருந்தது. மனச்சிதைவு நோயும் இருந்தது. 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். மூளையின் இயல்பு பொதுவழியினின்று வேறுபட்டிருப்பதை இன்று ‘நரம்பியல் பன்மை’ என்கிறார்கள். அவர் காலத்தில் அத்தகைய சொல் இல்லை. பழித்துச் சொல்லும் சொற்களே இருந்தன.

அவருடைய படங்களை நான் அச்சுப் பிரதிகளில்தான் கண்டிருக்கிறேன். கறுப்பு மையும் பேனாவும் கொண்டு கோடு கோடாக இழைத்த கனவு மாளிகைகள். கோபுரம் போல் எழும் மாடங்கள், பாம்புகள், பறவைகள், தேவமகளிர். இத்தனைக்கும் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதன் படத்துக்குப் படம் வருகிறான். அவன் ஓவியரேதான் என்பது கலை அறிந்தோர் கருத்து.

இங்கே வான்கோவை நினைத்துக்கொள்வது உதவும். மாதிரிக்கு நிற்பவர்க்குக் கொடுக்கப் பணம் இல்லாமையால் கண்ணாடி முன் அமர்ந்து, பாரிசில் இருந்த இரண்டாண்டில் இருபதுக்கும் மேற்பட்ட தன்னுருவங்களைத் தீட்டினார் அவர். 1889-ல் கட்டுப்போட்ட காதுடன் தம்மை வரைந்தார். அறுந்தது இடக்காது; படத்தில் கட்டு வலக்காதில் இருப்பதாகத் தெரியும். கண்ணாடி காட்டியதை அவர் மாற்றவில்லை!

இராமானுஜமோ கண்ணாடியை நாடவே இல்லை. தெருவில் பேசத் தடுமாறிய மனிதர் தாளில் மாளிகைக்குள் வரவேற்கப்படும் விருந்தினர். இதை ‘நோயின் வெளிப்பாடு’ என்று ஒதுக்குவோர் உண்டு. நான் உடன்படேன். அந்தக் கோடுகளைச் சற்றே உற்றுப் பாருங்கள்: நிழல் எங்கே அடர வேண்டும், வெண்மை எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு தீர்மானம் இருக்கிறது. குழம்பிய கை அப்படி வாரக்கணக்கில் இழைக்குமா? நோய் அவருக்குத் துன்பம் தந்தது, ஐயமில்லை. ஆனால் பேனாவைப் பிடித்தவர் அவர். முடிவைத் தெரிந்துகொண்டு படங்களில் சாவின் அறிகுறி தேடுவதும் எனக்கு ஒப்பவில்லை. தொப்பி மனிதன் பெரும்பாலும் விழாவுக்குப் போகிறவன் போலவே இருக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகம் ஒத்திருப்பதுதான் தன்னுருவம் என்றால் வங்கிப் புத்தகத்தில் ஒட்டிய நிழற்படமே தலைசிறந்தது! நான் யார் என்ற கேள்விக்கு, ‘பிறர் என்னை எங்கே வைக்கிறார்கள்’ என்பது ஒரு விடை. ‘நான் என்னை எங்கே வைக்கிறேன்’ என்பது வேறு விடை. முதல் விடையைப் பிறர் எழுதி முடித்துவிட்ட ஒருவருக்கு, இரண்டாவதை எழுதத் தாள் ஒன்றே கிடைக்கிறது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.

நேற்று மாடிக்குப் போனேன். மீசையைப் பற்றிப் பேசவில்லை. “பேருந்து எங்கே போகிறது?” என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் தாளையே பார்த்திருந்தான். பிறகு பென்சிலை எடுத்து, முன் கண்ணாடிக்கு மேலே வெறுமையாக இருந்த பலகையில் ஓர் எண்ணை எழுதினான். ஊர்ப்பெயரை இன்னும் எழுதவில்லை.