ஈக்களைப் பற்றிய அறிவும் பட்டு விவசாயியின் வருவாயும்

பயிரில் பூச்சி கண்டால் மருந்து தெளிப்பது என்பது உழவர் பெரும்பாலோர் அறிந்த வழி. அவ்வழி ஏறத்தாழ முற்றிலும் அடைபட்டிருக்கும் தொழில் ஒன்று உண்டு; அது பட்டுப்புழு வளர்ப்பு. பட்டுப்புழுவும் ஒரு பூச்சியே. அதனைத் தாக்க வரும் ஈயைப் பூச்சிகொல்லியால் ஒழிக்க முனைந்தால், ஈ மடிவதற்கு முன் புழு மடியும். ஆகவே, அந்த ஈ எங்கிருந்து வருகிறது, எங்கே முட்டையிடுகிறது, எங்கே ஒளிந்து வளர்கிறது, அதற்குப் பகை எது என்பனவற்றைத் துல்லியமாக அறிவதே பட்டு விவசாயிக்கு உள்ள முதன்மையான பாதுகாப்பு. ஈக்களைப் பற்றிய ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் பொழுதுபோக்கு அன்று, வளர்ச்சிப் பணியின் ஒரு கூறு என்பதற்கு மைசூர் நகரமும் அதனைச் சூழ்ந்த பட்டு மாவட்டங்களும் நல்ல சான்றாக விளங்குகின்றன.

இரு சிறகு வரிசை

பூச்சிகளுள் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சிறகுகள் உண்டு. ஈக்களுக்கு இரண்டே சிறகுகள். பின்னிணைச் சிறகுகள் சுருங்கி, குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புகளாக மாறியுள்ளன. பறக்கும்பொழுது உடலின் சமநிலையைக் காப்பவை இவையே. இவ்வடையாளத்தைக் கொண்டு பார்த்தால், வழக்கில் உள்ள பெயர்கள் சில நம்மை வழிதவறச் செய்வது புலனாகும். தேனீயின் பெயரில் ஈ உண்டு; ஆனால் அதற்கு நான்கு சிறகுகள் இருப்பதால் அது இவ்வரிசையைச் சேர்ந்ததன்று. கொசுவின் பெயரில் ஈ இல்லை. எனினும் அது இரு சிறகு வரிசையைச் சேர்ந்ததே.

உலகில் இதுவரை விவரித்துப் பெயரிடப்பட்டுள்ள இருசிறகிகள் 1.5 இலட்சம் இனங்களுக்கு மேற்பட்டவை. இந்தியாவில் மட்டும் 6,000 இனங்களுக்கு மேல் பதிவாகியுள்ளன. இவற்றுள் நோய் பரப்பும் கொசுவும் வீட்டு ஈயும் ஒரு சிறு பகுதியே. மலர்களில் மகரந்தச் சேர்க்கை நிகழ்த்துவன சில. சாணத்தையும் அழுகிய பொருள்களையும் மக்கச் செய்து மண்ணுக்குத் திருப்பித் தருவன சில. அசுவினிகளைத் தின்று பயிரைக் காப்பன சில. மற்றப் பூச்சிகளின் உடலில் ஒட்டுண்ணியாக வளர்ந்து அவற்றை அழிக்கும் டாக்கினிட் குடும்பம் இவற்றுள் தனிக் கவனத்துக்கு உரியது. கரும்பின் இளங்குருத்துத் துளைப்பானைக் கட்டுப்படுத்தும் ஸ்டர்மியாப்சிஸ் என்னும் ஈ இக்குடும்பத்தைச் சேர்ந்தது. அது கரும்பு உழவரின் நண்பன். பட்டுப்புழுவைக் கொல்லும் ஊசி ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டின் இயல்பும் ஒன்று. கரும்பில் ஒட்டுண்ணி கொல்வது பயிரின் பகைவனை. பட்டு மனையில் அது கொல்வது விவசாயியின் உடைமையை. ஈக்களை நல்லவை, தீயவை என்று மொத்தமாகப் பிரிக்க இயலாது என்பதை இது உணர்த்தும்.

பெயரைச் சரியாக அறிவதன் பயன்

ஊசி ஈ என்னும் பெயரில் உள்ள 'ஊசி' தையல் ஊசியைக் குறிப்பதன்று. ஜப்பானிய மொழியில் 'உஜி' என்றால் ஈயின் புழு என்று பொருள். பட்டுத் தொழில் நுட்பத்தோடு இச்சொல்லும் இந்தியாவுக்கு வந்து, தமிழ் உழவர் நாவில் ஊசி ஆயிற்று.

பெயர் ஒன்றாயினும் ஈ ஒன்றன்று. ஜப்பானில் உஜி எனப்படும் ஈ, மல்பெரி இலையின்மேல் முட்டையிடும். இலையோடு முட்டையை உண்ணும் பட்டுப்புழுவின் உடலுக்குள் அது பொரியும். இந்தியாவில் காணப்படும் எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்னும் ஈயோ, பட்டுப்புழுவின் தோலின்மீதே நேராக முட்டையிடும். முன்னதற்கு இலை வழியாக வரும் ஆபத்தைத் தடுக்க வேண்டும். பின்னதற்கு ஈ மனைக்குள் நுழைவதையே தடுக்க வேண்டும். பெயரின் ஒற்றுமையை நம்பி ஜப்பானிய முறையை அப்படியே பின்பற்றுவோர், கதவைத் திறந்து வைத்துவிட்டு இலையைக் கழுவுவோரை ஒப்பர். இனத்தை அடையாளம் காணும் வகைப்பாட்டியல், வளர்ச்சிப் பணிக்கு அடித்தளமாவது இவ்வாறுதான்.

மானசகங்கோத்திரியில் வளர்ந்த ஆய்வு

1916ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை, ட்ரோசோபிலா என்னும் சிறு ஈயைப் பற்றிய ஆராய்ச்சியில் நாட்டின் முன்னணி மையங்களுள் ஒன்று. பேராசிரியர் ராஜசேகர செட்டி அங்கு இத்துறைக்கு வித்திட்டார். அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தின்மேல் மொய்க்கும் இவ்வீக்கள் சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாள்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஆகையால், மரபுப் பண்புகள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு செல்கின்றன என்பதைக் குறைந்த செலவில் ஆராய இவை பெரிதும் உதவுகின்றன. பாடநூல்கள் இதனைப் பழ ஈ என்று குறிப்பிடுவதுண்டு. ஆனால் மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைத்துப் புழு வைக்கும் பழ ஈ வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

ட்ரோசோபிலா நசூட்டா என்னும் ஈயில் எட்டு குரோமோசோம்களும், அதற்கு மிக நெருங்கிய உறவான அல்போமிகான்ஸ் என்னும் ஈயில் ஆறு குரோமோசோம்களும் உள்ளன. இவ்விரண்டையும் கலந்து, அவற்றின் வழித்தோன்றல்களைப் பல தலைமுறைகள் தொடர்ந்து வளர்த்த மைசூர் ஆய்வாளர்கள், புதிய குரோமோசோம் அமைப்புடைய கால்வழிகள் ஆய்வுக்கூடத்திலேயே உருவாவதைக் கண்டனர். உயிரினங்கள் எவ்வாறு பிரிந்து புதியனவாகின்றன என்னும் கேள்விக்கு இவ்வாய்வு ஒளி தருவது.

ஆய்வு கூடத்துக்குள் மட்டும் நிகழவில்லை. பிசைந்த வாழைப்பழத்தில் ஈஸ்ட் கலந்து பாட்டில்களில் இட்டு, புதர்களின் நிழலில் கட்டி வைத்து, அதில் வந்து சேரும் ஈக்களை இனவாரியாக எண்ணுவது எளிய முறை. மைசூரை ஒட்டிய சாமுண்டி மலையில், வெவ்வேறு உயரங்களிலும் பருவங்களிலும் ஈக்களைத் திரட்டி நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ட்ரோசோபிலாவின் 20 இனங்களைப் பதிவு செய்தது. ஒரே மலையில் உயரம் மாறும்பொழுதும் மழை பெய்யும்பொழுதும் ஈக்களின் தொகை மாறுகிறது. எந்த இனம், எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளே சூழலியலின் தொடக்கம். பட்டு மனைக்குள் நுழையும் ஈயைப் பற்றியும் கேட்க வேண்டியவை இந்நான்கு கேள்விகளே.

1980ஆம் ஆண்டில் நேர்ந்தது

ஊசி ஈ வங்காளத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. நாட்டின் பட்டு உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் கர்நாடகம் 1980ஆம் ஆண்டு வரையில் இத்தொல்லையை அறிந்ததில்லை. அவ்வாண்டில், மேற்கு வங்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட விதைக்கூடுகளோடு ஈயின் புழுக்களும் வந்து சேர்ந்தன. சில கூடுகளுக்குள் மறைந்து வந்தவை, தொடர்ந்து கர்நாடகத்தின் பட்டுப் பகுதிகளிலும், அண்டையிலுள்ள தமிழ்நாடு, ஆந்திரப் பகுதிகளிலும் பரவின.

அது இங்கே நிலைத்துவிட்டமைக்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் புழு வளர்ப்பு நின்றுவிடும் நாடுகளில் ஈக்கும் உணவு நின்றுவிடும். தென்னிந்தியாவிலோ மல்பெரி ஆண்டு முழுதும் தழைக்கிறது. ஒரு வளர்ப்பு முடிந்ததும் அடுத்த வளர்ப்பு தொடங்குகிறது. ஒரு மனையில் கூடு அறுவடையாகும் நாளில் பக்கத்து மனையில் புழுக்கள் இலை தின்றுகொண்டிருக்கும். விவசாயிக்கு வரமாக அமைந்த இவ்விடைவிடா வளர்ப்பே ஈக்கும் வரமாயிற்று. மழைக்காலத்தில் அதன் தாக்குதல் மிகுகிறது.

மூன்று வாரச் சுழற்சி

பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடக்கூடியது. வெண்ணிறமாகக் குண்டூசித் தலையளவில் காணப்படும் அம்முட்டை இரண்டு மூன்று நாள்களில் பொரிந்து, அதிலிருந்து வரும் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உட்செல்லும். துளைத்த இடத்தில் கரும்புள்ளி ஒன்று தோன்றும். விவசாயி கண்டுகொள்ளத்தக்க அடையாளம் அதுவே. ஏறத்தாழ ஒரு வாரம் உள்ளிருந்து உண்டபின் ஈயின் புழு வெளிவந்து, இருண்ட இடத்தை நாடி ஊர்ந்து, தரை வெடிப்பிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாக மாறும். பத்துப் பன்னிரண்டு நாள்களில் ஈயாகப் பறக்கும். மூன்று வாரங்களில் சுழற்சி முடிகிறது.

பட்டுப்புழு தாக்கப்படும் பருவத்தைப் பொறுத்து இழப்பு வேறுபடும். நான்காம் பருவத்திலோ ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலோ தாக்கப்பட்ட புழு, கூடு கட்டாமலே மடிகிறது. ஐந்தாம் பருவத்தின் இறுதியில் தாக்கப்பட்டது கூடு கட்டிவிடும். ஆனால் ஈயின் புழு அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். நல்ல கலப்பினக் கூட்டில் ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் ஓடும் இழை, துளைக்கப்பட்ட கூட்டில் எண்ணற்ற துண்டுகளாகிறது. அதிலிருந்து நூல் எடுக்க இயலாது.

இழப்பின் கணக்கு

பாதுகாப்பற்ற வளர்ப்பில் இவ்வீயால் நேரும் கூட்டு இழப்பு 10 முதல் 20 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டுள்ளது. கேட்பதற்கு இது தாங்கக்கூடிய அளவாகத் தோன்றலாம். ஆனால் இழப்பு நேரும் காலத்தைக் கருதவேண்டும். பட்டுப்புழு தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஐந்தாம் பருவத்தில் உண்கிறது. ஆகவே, கூடு கெடும் வேளையில் இலை, கூலி, முட்டை ஆகிய செலவுகள் யாவும் முடிந்துவிட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு விவசாயியின் மொத்த வரவு 100 ரூபாய், செலவு 60 ரூபாய், மிச்சம் 40 ரூபாய் என்க. கூட்டில் 15 விழுக்காடு கெட்டால் வரவு 85 ரூபாயாகும். செலவு மாறாது, மிச்சம் 25 ரூபாயாகச் சுருங்கும். அதாவது, விளைச்சலில் 15 விழுக்காடு குறையும்பொழுது குடும்பத்துக்குக் கிடைக்கும் வருமானம் 37.5 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அரை ஏக்கரிலும் ஒரு ஏக்கரிலும் மல்பெரி பயிரிட்டு, வீட்டிலேயே புழு வளர்க்கும் சிறு விவசாயிக்கு இக்குறைவு பள்ளிக் கட்டணமாகவோ கடன் தவணையாகவோ வந்து நிற்கும்.

நஞ்சில்லாத் தடுப்பு

மத்தியப் பட்டு வாரியத்தின்கீழ் மைசூரில் இயங்கும் மத்தியப் பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையமும் ஏனைய ஆய்வு நிலையங்களும் வகுத்துள்ள முறைகள் ஒவ்வொன்றும், மேற்கண்ட சுழற்சியின் ஒரு கண்ணியை அறுப்பவை. கதவுக்கும் சன்னலுக்கும் நைலான் வலை அடிப்பதும், நுழைவாயிலில் வலையிட்ட முன்னறை அமைப்பதும் முட்டையிட வரும் ஈயைத் தடுக்கின்றன. மாத்திரையைக் கரைத்த நீரை வெண்ணிறத் தட்டுகளில் ஊற்றிச் சன்னலருகே வைத்தால், ஈக்கள் கவரப்பட்டு அதில் விழுந்து மடியும். மனையின் தரை வெடிப்புகளைப் பூசி அடைத்தால் ஈயின் புழு ஒளிய இடமிராது. வெளிவந்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் திரட்டி அழிப்பது அடுத்த தலைமுறையைக் குறைக்கும்.

எஞ்சியவற்றைத் தேடிப் பிடிக்க, நெசோலிங்ஸ் தைமஸ் என்னும் சிறு குளவியினம் பயன்படுகிறது. மண்ணிலும் இடுக்கிலும் கிடக்கும் ஈயின் கூட்டுப்புழுவைக் கண்டறிந்து இது முட்டையிடும். ஈ வெளிவர வேண்டிய ஓட்டிலிருந்து குளவிகள் வெளிவரும். ஐந்தாம் பருவத்தில் மனையிலும், கூடு அறுவடைக்குப்பின் கழிவு கொட்டும் எருக்குழியருகிலும் இவற்றை விடுவது வழக்கம். வீட்டு ஈயின் கூட்டுப்புழுக்களில் இக்குளவியைப் பெருமளவில் வளர்க்க இயலும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஊர் முழுதும் ஒருசேர

இம்முறைகள் யாவும் செலவு குறைந்தவை, கற்றுக்கொள்ள எளியவை. எனினும் ஈ வேலியை மதிப்பதில்லை. பத்து மனைகள் உள்ள சிற்றூரில் ஒன்பது பேர் வலை அடித்து, ஒருவர் மட்டும் தம் மனைக் கழிவைத் திறந்த குழியில் கொட்டினால், அக்குழியில் பிறக்கும் ஈக்கள் மற்ற ஒன்பது மனைகளின் வாயிலிலும் காத்திருக்கும். ஒருவரின் கவனக்குறைவுக்குரிய செலவைப் பிறர் ஏற்கவேண்டியதாகிறது. ஒருவரின் கவனத்தால் விளையும் பயனும் பிறருக்குச் செல்கிறது. இத்தகைய நிலையில் தனி விவசாயியின் முயற்சியை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

ஆகவே, குளவி விடுவதையும் கழிவு அகற்றுவதையும் ஊர் முழுதும் ஒரே வாரத்தில் மேற்கொள்ளுமாறு பட்டு உற்பத்தியாளர் குழுக்கள் திட்டமிடல் வேண்டும். ஒரே காலத்தில் புழு வளர்ப்பைத் தொடங்கி ஒரே காலத்தில் முடித்து, இடையில் மனைகளை வெறுமையாக வைத்தால் ஈயின் சுழற்சி உணவின்றித் தளரும். விதைக்கூடுகள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்பொழுது தேர்ந்த கண்காணிப்பு வேண்டும் என்பதை 1980ஆம் ஆண்டின் பட்டறிவு கற்பித்துள்ளது. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளைப் போல மாநில எல்லையின் இருபுறமும் மல்பெரி தழைக்கும் இடங்களில், இருமாநிலப் பட்டு வளர்ச்சித் துறைகளும் ஒரே கால அட்டவணையைப் பின்பற்றுவது பெரும்பயன் தரும்.

ஈக்களை இனம் பிரித்து, எண்ணி, வளர்த்து, அவற்றின் பழக்கத்தைப் பதிவு செய்யும் ஆய்வாளருக்கு அளிக்கப்படும் நிதி, சில வேளைகளில் உடனடிப் பயனற்ற செலவாகக் கருதப்படுகிறது. வலையின் கண்ணளவு, தட்டின் நிறம், குளவியை விடும் நாள் ஆகிய ஒவ்வொன்றும் அத்தகைய பொறுமையான பதிவிலிருந்து பிறந்தவையே. அடுத்து வரவிருக்கும் பூச்சி எது என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அது வரும் நாளில் அதனைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டவல்ல ஆய்வாளரும், அவர் கண்டதை மறுவாரமே வளர்ப்பு மனைக்குக் கொண்டு சேர்க்கும் விரிவாக்கப் பணியாளரும் ஆயத்தமாக இருத்தல் இன்றியமையாதது.