பிள்ளையைப் பார்க்கும் முன் தாயைப் பார்

நீ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் சிறப்புக் கல்வியாளராகச் சேரப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மனசு நிறைந்தது. பாடத்தில் உள்ளதெல்லாம் என்னைவிட உனக்குத்தான் இப்போது நன்றாக நினைவிருக்கும். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவெண்ணும் வந்துவிட்டதாம். பாடத்தில் இல்லாத சிலவற்றை, மையத்துத் தரையில் உட்கார்ந்தே தலை நரைத்த பெரியம்மா என்ற உரிமையில் எழுதுகிறேன். சேருவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

1. உன் முன்னால் வந்து உட்காருகிற தாய் இரண்டு பஸ் மாறி வந்திருப்பாள். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் ஸ்கேன் ரிப்போர்ட் நிரம்பிய துணிக்கடைப் பை. பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன் அவள் சாப்பிட்டாளா என்று கேள். கிரகணத்தன்று வெளியே போனாய், பப்பாளி தின்றாய், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி அவளைக் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள். குறைப்பிரசவம், பிறந்ததும் அழாதது, மூளை வரை ஏறிய மஞ்சள் காமாலை, மரபணு என்று காரணங்கள் பல. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கடைசிவரை காரணமே தெரிவதில்லை. ‘இது உன்னால் வந்ததில்லை’ என்பதை அவள் கேட்கும்படி சொல். முடிந்தால் மாமியாரும் கூட இருக்கும்போது சொல்.

2. ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்ற சொல்லை உன் வாயிலிருந்து எடுத்துவிடு. ‘அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்’ என்று சொல்லாத வீடு நம் ஊரில் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பிள்ளைகளின் பொன்னான வருடங்கள் போயிருக்கின்றன! மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காத, ஐந்து மாதமாகியும் தலை நிற்காத, பத்து மாதமாகியும் உட்காராத, ஒன்றரை வயதாகியும் நடையோ ஒரு சொல்லோ வராத பிள்ளையைப் பார்த்தே ஆகவேண்டும். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அந்த மாதங்களைக் கழித்துக்கொண்டு பார். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் செய்த அட்டவணை ஒன்று உண்டு. இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள்தான். வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைத்தால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பேனாவும் சாவிக்கொத்தும் இருந்தால் அங்கன்வாடித் திண்ணையிலேயே பார்த்துவிடலாம்.

அவசரம் ஏன் என்று யாராவது கேட்டால் இரண்டு உதாரணம் சொல். பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் தப்பிவிடும். மாதங்கள் கடந்தால் போனது திரும்பாது. காது விஷயமும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்பதுதான் உலகமெங்கும் வைத்திருக்கும் கணக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சை ஆறு வயது வரை உண்டு என்பதைக் கேட்டு, ‘இன்னும் காலம் இருக்கிறதே’ என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு என்பது கடைசி எல்லை. பிள்ளையின் காதுக்கு முதல் வருடமே பெரிது.

ஒன்றை மறக்காதே. ‘ஏதோ சரியில்லை’ என்று ஒரு தாய் சொன்னால் அதுவே முதல் ரிப்போர்ட். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. பெயர் வரும்வரை பயிற்சியை நிறுத்தி வைக்காதே.

3. ‘எப்ப நடப்பான்?’ இந்தக் கேள்வி எல்லா நாளும் வரும். பொய் சொல்லாதே, கதவையும் சாத்தாதே. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் பின்னால் நடந்துவிடும் என்பது அனுபவமும் ஆய்வும் சொல்வது. அதைச் சொல்லலாம். தேதி மட்டும் கொடுக்காதே. ‘அடுத்து நாம் பார்க்க வேண்டியது உட்காருவது, அதற்கு இன்றைக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்’ என்று சொல்லிப் பழகு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் வாசல்படி தாண்டும்போது தாய்க்கு ஒன்றும் நினைவில் இருக்காது.

4. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் அந்தப் பிள்ளை உன்னிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ. மீதி முழுக்க வீடுதான். அதனால் உன் கைத்திறமையைக் காட்டித் தாயை அசத்துவதில் ஒரு பயனும் இல்லை. அவள் கை பழகவேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் 1969-ல் இப்படித்தான் தொடங்கினார்கள். ஆசிரியர் வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்த் தாய்க்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார், பிள்ளைக்குத் தாய் கற்றுக்கொடுப்பாள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய் இந்த வேலையைச் செய்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வா.

நம் வீடுகளில் ஊட்டுவதைக் கவனித்திருக்கிறாயா? தாய் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின் மேல் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் தொங்க, வாயில் கூழை ஊற்றுவாள். விறைப்புள்ள பிள்ளைக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். மாதா மாதம் சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பிள்ளையை நிமிர்த்தி உட்காரவை. தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கட்டும். கரண்டி மேலிருந்து வராமல் முன்னாலிருந்து, உதட்டுக்குக் கீழ்ப்பக்கமாக வரட்டும். அரைக் கரண்டி. விழுங்கும்வரை அடுத்ததை எடுக்காதே. இதை நான் ஒரு வீட்டில் சொல்லிக்கொடுத்தபோது, சாயும் நாற்காலிக்கு எங்கே போவது என்று தாய் திகைத்தாள். அவள் மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்தார். பேரனைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகு படும்படி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பழைய புடவையைச் சுருட்டி அண்டை கொடுத்தார். கால் நடுவே ஒரு சுருட்டு. கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் மூலை நாற்காலி செய்கிற வேலையை அந்த மூலை செய்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மூலைகளைத்தான் பார்ப்பேன்.

5. பொம்மைக்குக் காசைக் கொட்டச் சொல்லாதே. பருப்பு கடையும் விளையாட்டு உனக்குத் தெரியும்தானே? பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் கையோடு ஊர்ந்துபோய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அது. கண்ணைப் பார்க்காத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையிடம் இதை நாலைந்து நாள் அதே மாதிரி, அதே பாட்டோடு செய். பிறகு ஒருநாள் முழங்கை வரைக்கும் ஊர்ந்து சட்டென்று நிறுத்து. பேசாதே. காத்திரு. பிள்ளை உன் விரலைப் பார்க்கும். விரல் அசையாது. அப்புறம் மெதுவாக முகத்தை நிமிர்த்தி உன்னைப் பார்க்கும், ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும், அல்லது உன் கையைப் பிடித்து மேலே இழுக்கும். அதுதான் பேச்சின் தொடக்கம். உடனே கிச்சுக்கிச்சு மூட்டிவிடு, தாமதிக்காதே. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்புத்தான் வராது. நாமே பேசி நாமே சிரித்து முடித்துவிடுவோம்.

செல்போனில் பாட்டு ஓடவிட்டால்தான் சாப்பிடுகிறான் என்பார்கள். திட்டாதே, தனியாக அடுப்படியையும் பிள்ளையையும் சமாளிக்கிறவளுக்கு அது ஒன்றுதான் துணை. இரண்டு வயதுக்குமுன் திரையே வேண்டாம், நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் போனை ஒளித்துவைக்கச் சொல். ஒரு வேளை இரண்டு வேளையாகும்.

6. பாட்டிகளைப் பகைத்துக்கொள்ளாதே. எண்ணெய் தேய்த்துக் காலைக் கையை நீவிவிடுவதில் தவறில்லை. தொடுவதே பிள்ளைக்கு நல்லது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாமல் இருந்தால் சரி. சாமிக்கு நேர்ந்துகொள்ளட்டும், மொட்டை போடட்டும். ஆனால் மந்திரித்துக் கயிறு கட்டிய கையோடு வலிப்பு மாத்திரையை நிறுத்துகிறார்களே, அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதே. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கால் ஊன்றாத பிள்ளையை மணலில் குழி தோண்டி இடுப்பளவு நிறுத்துவது பழைய வழக்கம். நிமிர்ந்து நிற்பது இடுப்பு எலும்புக்கு நல்லது என்று அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. ‘எண்ணம் சரிதான் பாட்டி, மணலுக்குப் பதில் மரத்தில் ஒரு நிற்கும் சட்டம் செய்வோம்’ என்று சொன்னால் ஊர் ஆசாரியை அவர்களே கூட்டிவருவார்கள். நடைவண்டியும் அப்படித்தான். நின்று தள்ளிக்கொண்டு போகிற நம் மூன்று சக்கர மரவண்டி நல்லது. நடுவில் உட்காரவைத்து உருளவிடுகிற பிளாஸ்டிக் வளைய வாக்கர் நடையைப் பிந்தவைக்கும், படியில் உருட்டியும் விடும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் கடைகளில் இன்னும் வாசலில் தொங்குகிறது.

7. அப்பாவைக் கூப்பிடு. வேலை, வெளியூர் என்று காரணம் வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சியை அவர் பொறுப்பில் விடு, தோளில் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தாலும் சரி.

8. உன் குறிப்பேட்டில் பிள்ளை செய்வதை எழுது. ‘உட்காரவில்லை, பேசவில்லை, பார்க்கவில்லை’ என்று எழுதுவது சுலபம். சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் உபநயன் முறையில் இரண்டு வயது வரைக்குமான திறன்களை ஐந்து துறைகளில் ஐம்பது ஐம்பதாக, 250 படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சிறிதாகப் பிரித்த பிறகு, எந்தப் பிள்ளைக்கும் ‘ஒன்றும் வரவில்லை’ என்று சொல்ல முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பிள்ளையின் தாய் தன் வீட்டுக் காலண்டரிலேயே இதைச் செய்தாள். ‘இன்று டம்ளரை இரண்டு கையால் பிடித்தாள்’, ‘இன்று வாசலில் செருப்பைக் காட்டினாள்’ என்று தேதிக்கட்டத்தில் குட்டி எழுத்தில் இருக்கும். என் பதிவேட்டைவிட அந்தக் காலண்டர் ஒழுங்காக இருந்தது.

9. காகித வேலையைக் கேவலமாக நினைக்காதே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அதில் பிள்ளை எங்கே வருகிறது என்று பார்த்து அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போடவை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. படிவத்தைத் தாயோடு உட்கார்ந்து நிரப்பு. எந்த அறை, எந்த நாள், என்னென்ன நகல் என்று எழுதிக்கொடு. ஒரு நகல் குறைந்ததற்காகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிற தாயை நீ பார்ப்பாய். அன்றைக்கு எந்தப் பயிற்சியும் நடக்காது.

10. நகையை அடகு வைக்கச் சொல்லும் வைத்தியம் வந்தால் குறுக்கே நில். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். ஒருசில ரத்த நோய்கள் போன்றவை தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தரக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதை அச்செடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள். ‘மூன்றே மாதத்தில் பேச வைக்கிறோம்’ என்ற பலகையும் இதே ரகம்தான். கோபப்பட்டால் பெற்றோர் உன்னிடம் சொல்லாமல் போய்விடுவார்கள். காசு கட்டுவதற்கு முன் ஒரு தடவை என்னிடம் வந்து சொல்லுங்கள் என்று மட்டும் எல்லாத் தாய்மாரிடமும் வாக்கு வாங்கிக்கொள்.

11. வராமல் போகிற பிள்ளைகள் இருக்கும். சொல்லாமல் ஊர் மாறுவார்கள், மனம் சோர்ந்து நிறுத்துவார்கள். சில பிள்ளைகள் ஒரு காய்ச்சலில் போய்விடும். இரண்டு வாரம் வராவிட்டால் நீயே போன் செய். கண்டிக்கிற குரலில் வேண்டாம், விசாரிக்கிற குரலில். துக்க வீடாக இருந்தால் போய் உட்கார்ந்துவிட்டு வா. அப்படிப் போனதற்காக யாரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள், கேட்டால் கேட்கட்டும்.

திங்கட்கிழமை முதல் நாளாமே. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், கண்ணாடி வளையல் வேண்டாம், தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தோதான உடை உடுத்து. ஒரு சாவிக்கொத்து எடுத்துக்கொள். சந்தேகம் எதுவானாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. சாப்பாடு முடித்து நான் சும்மாதான் இருப்பேன்.