விரல் போனால் வேலையும் போகுமா?

கேள்வி: பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை இழந்தேன். ஈஎஸ்ஐ விடுப்பு முடிந்து திரும்பினால், "ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்கிறது நிர்வாகம். என்ன செய்வது? – வாசகர், ஓசூர்

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா எழுதிவிட்டால், நீங்களாகவே போனதாகத்தான் கணக்கு.

பணியில் ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தெளிவாகச் சொல்வது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். சிப்காட் தொழிற்பேட்டையின் தனியார் ஆலைகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. சட்டத்தின் பெரிய ஓட்டை இது. ஆனால் பாகுபாடு காட்டுவதற்கான தடை தனியாருக்கும் உண்டு.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால், நிர்வாகத் தலைவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இன்ன வேலையை என்னால் செய்ய முடியும், பேக்கிங்கோ தரச் சோதனையோ கொடுங்கள் என்று கேளுங்கள். அவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையேல் மறுப்புக்கான நியாயத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

அடுத்த படி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 2017 விதி. ஆலை ஜூஜூவாடியில் என்றால் தமிழ்நாட்டு ஆணையர்; அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா என்றால் கர்நாடக ஆணையர். வீடு எங்கே என்பது கணக்கில்லை. மாற்றுத்திறனாளி சான்று நாடு முழுக்கச் செல்லும்.

40 சதவீத ஊனம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான அளவு. பாகுபாட்டுப் புகாருக்கு அது தேவையில்லை.

ஈஎஸ்ஐ தரும் நிரந்தர ஊனத்தொகை தனி. அதை வாங்குவதால் வேலை உரிமை போகாது. தொழிற்சங்கம் இருந்தால், ஒப்பந்தத்தில் மாற்றுப்பணி பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.